மூச்சா, உடலா, நடையா? தியான முறையையும் அளவையும் தேர்ந்தெடுப்பது எப்படி

தியானம் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எது சிறந்த முறை?" என்பதைத்தான். அதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு. இப்போது என் மனமும் உடலும் எந்த நிலையில் இருக்கின்றன? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் செய்யப் போகிறேன்? ஒருவரை நிதானப்படுத்தும் அதே மூச்சுப் பயிற்சி இன்னொருவருக்குப் படபடப்பைக் கிளப்பிவிடும். அங்கே முறையில் கோளாறு இருக்காது. பொருத்தத்திலோ அளவிலோ இருக்கும்.

இந்த எச்சரிக்கை மிகப் பழையது. 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் என்ற பௌத்தத் துறவி பாலி மொழியில் தொகுத்த விசுத்திமக்கம் என்ற நூல் 40 தியானப் பொருள்களைச் சொல்லி, மனிதர்களை ஆறு இயல்பினராகப் பிரித்து, யாருக்கு எது பொருந்தும் என்றும் வகுத்திருக்கிறது. சினம் மிகுந்தவருக்கு மைத்திரி (பிறர் நலம் விரும்பும் தியானம்), ஓயாமல் எண்ணம் ஓடுபவருக்கு மூச்சு, ஆசை மிகுந்தவருக்கு உடலின் அழுகும் தன்மை. கடைசியாகச் சொன்னது எந்த அளவுக்கு எல்லை மீறிப் போகலாம் என்பதற்குப் பாலி நூல்களிலேயே பதிவு இருக்கிறது. சம்யுத்த நிகாயம் என்ற புத்தர் உரைத் தொகுப்பில், வேசாலி நகரில் நடந்ததைச் சொல்லும் சூத்திரத்தின்படி, புத்தர் அந்தப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்துவிட்டு அரை மாதம் தனிமையில் இருக்கப் போனார். திரும்பி வந்தபோது துறவிகளின் சங்கத்தில் ஆட்கள் குறைந்திருந்தார்கள். தம் உடல்மீது உண்டான அருவருப்பு தாளாமல் துறவிகள் பலர் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தனர். அதன் பிறகுதான் அவர்களுக்கு மூச்சைக் கவனிக்கும் முறையை அவர் கற்பித்தார். கடுமையான பயிற்சி, கேட்க ஆள் இல்லாத அரை மாதம்: இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் விபரீதம் நடந்தது என்பதைக் கவனியுங்கள். இன்றும் பெரும்பாலான சிக்கல்கள் அப்படித்தான் வருகின்றன.

எதைப் பழகுகிறோம்?

மைண்ட்ஃபுல்னெஸ் என்று இன்று எல்லோரும் சொல்வது பாலியில் சதி, வடமொழியில் ஸ்மிருதி. வேர்ப்பொருள் நினைவு. புத்தர் சொன்ன எண்வகை மார்க்கத்தின் ஏழாம் உறுப்பான இதைத் தமிழில் நற்கடைப்பிடி என்பார்கள். கடைப்பிடி என்பதற்குப் பழைய உரைகள் தரும் விளக்கம் "கொண்ட பொருள் மறவாமை". மூன்றே சொற்களில் முழுப் பயிற்சியும் அடங்கிவிடுகிறது. ஒரு பொருளைக் கவனத்துக்கு எடுத்துக்கொள்கிறோம். சற்று நேரத்தில் அது மறந்துபோகிறது. மறந்துவிட்டோம் என்று தெரிந்ததும் மறுபடி எடுத்துக்கொள்கிறோம். அவ்வளவுதான்.

எண்ணமே வராமல் இருப்பதுதான் தியானம் என்று நம்பி உட்காருபவர், எண்ணம் வந்த ஒவ்வொரு முறையும் தோற்றுப்போனதாகக் கணக்கு வைக்கிறார். உண்மையில் மனம் போய்விட்டது என்று தெரிகிற அந்தக் கணத்தில்தான் பயிற்சியே நடக்கிறது. பத்து நிமிடத்தில் நாற்பது முறை மனம் ஓடி நாற்பது முறை திரும்பியிருந்தால், நாற்பது முறை பழகியிருக்கிறீர்கள்.

இதனால் ஒரு முடிவை இப்போதே எடுத்துவிடலாம். உங்களுக்கு வேண்டியது வெறும் ஓய்வோ தூக்கமோ என்றால் இது முதல் தேர்வாக இருக்கத் தேவையில்லை. கவனிக்கப் பழகும்போது இனிமையானதும் தெரியும், இத்தனை நாள் ஒதுக்கிவைத்த வலியும் பயமும் தெரியும். களைத்துப் போயிருப்பவருக்குத் தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சியோ, ஒரு நல்ல நடையோ போதும்.

மூச்சு

பெரும்பாலோர் தொடங்கும் இடம் இதுதான். எங்கும் எப்போதும் கிடைக்கும், எந்தக் கருவியும் வேண்டாம். ஆனால் எளிது என்று சொல்லிவிட முடியாது.

மூக்குத் துவாரத்தின் விளிம்பிலோ மேலுதட்டின் மேலோ கவனத்தை வைத்துப் பாருங்கள். உள்ளே போகும் காற்று சற்றுக் குளிர்ச்சியாகவும் வெளியே வருவது சற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். வெளிமூச்சு முடிந்த பிறகு, அடுத்தது தொடங்கும் முன், ஒரு சின்ன இடைவெளி வரும். புதியவர்கள் தடுமாறுவது அந்த இடைவெளியில்தான். அடுத்த மூச்சு தானாக வரட்டும் என்று விட முடியாமல் இழுத்துவிடுவார்கள். இழுக்கிறோம் என்பதே தெரியாமல் மூச்சு ஆழமாகி, வேகமாகி, கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறும். தலை கிறுகிறுக்கும், விரல் நுனிகளும் உதடும் மரத்துச் சுருக்கென்று குத்தும், நெஞ்சு இறுகும். ஏற்கெனவே பதற்றம் உள்ளவருக்கு இது மாரடைப்பு போலத் தோன்றி, பயம் இன்னும் வேகமாக மூச்சு வாங்க வைக்கும். பயிற்சியே பதற்றத்தை ஊட்டி வளர்த்த கதையாகிவிடும்.

இதைத் தவிர்க்க மூன்று வழிகள் உண்டு. மூச்சை எண்ணுவதானால் வெளிமூச்சின் முடிவில் மட்டும் எண்ணுங்கள். ஒன்று முதல் பத்து வரை போய், மறுபடி ஒன்றுக்கு வாருங்கள். கவனத்தை மூக்கிலிருந்து வயிற்றுக்கு இறக்குங்கள். தொப்புளுக்கு மேல் கையை வைத்தால் ஏறி இறங்குவது கையிலேயே தெரியும். கவனத்தில் கால் பங்கை மட்டும் மூச்சுக்குக் கொடுத்து, மிச்சத்தை உட்கார்ந்திருக்கும் உடலுக்கும் சுற்றியுள்ள ஒலிக்கும் விடுங்கள். மூன்றையும் செய்து பார்த்தும் ஒரு வாரத்துக்குப் பிறகு நெஞ்சு இறுகுவது நிற்கவில்லை என்றால், மூச்சு உங்களுக்கு இப்போதைக்கு ஏற்ற பொருள் இல்லை. ஆஸ்துமா உள்ளவர்கள், பேனிக் அட்டாக் வந்தவர்கள், மூச்சுத் திணறலோடு தொடர்புள்ள கெட்ட அனுபவம் உள்ளவர்கள் இதில் தொடங்காமல் இருப்பதே நல்லது.

மூச்சைக் கவனிப்பது வேறு, பிராணாயாமம் வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதினாறு மாத்திரை (கண்ணிமைக்கும் நேர அளவு) உள்ளிழுத்து, அறுபத்து நான்கு மாத்திரை நிறுத்தி, முப்பத்திரண்டு மாத்திரை வெளிவிடும் கணக்கைத் திருமந்திரம் சொல்கிறது. அது மூச்சை ஆளும் பயிற்சி. அருகில் ஆசிரியர் இருந்து படிப்படியாகப் பழக வேண்டியது. கவனிப்பதில் மூச்சை எதுவும் செய்வதில்லை. இரண்டையும் கலந்து, மூச்சை நிறுத்தி நிறுத்தித் தியானம் செய்கிறவர்களுக்குத்தான் தலைபாரமும் எரிச்சலும் அதிகம் வருகின்றன.

உடலை வரிசையாகக் கவனித்தல்

பாடி ஸ்கேன் என்ற பெயரில் பரவலாகச் சொல்லித்தருகிறார்கள். மல்லாந்து படுத்து, இடது கால் விரல்களில் தொடங்கி, பாதம், கணுக்கால், முழங்கால் என்று மேலேறி உச்சந்தலை வரை ஒவ்வொரு பகுதியிலும் என்ன தெரிகிறது என்று பார்ப்பது. சூடு, துடிப்பு, அரிப்பு, ஆடை படும் உணர்வு, சில இடங்களில் எதுவுமே தெரியாமை. தெரியாமை என்பதும் ஒரு விடைதான்.

மூச்சைப் போல இதில் தானாக நடப்பதைக் கெடுத்துவிடும் வாய்ப்பு இல்லை. அதுதான் இதன் பெரிய பலம். நாள்பட்ட வலி உள்ளவர்களுக்கும் உதவும், வலிக்கும் இடத்தில் தொடங்காதவரை. முதலில் வலியில்லாத இடம் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொண்டு, வலியின் ஓரத்தைச் சில விநாடிகள் தொட்டுவிட்டு அங்கே திரும்பிவிட வேண்டும். தூக்கம் வருவதுதான் பொதுவான தொல்லை. உட்கார்ந்தோ கண்ணைத் திறந்தோ செய்தால் தீரும்.

பாலியல் வன்முறைக்கோ அடிதடிக்கோ ஆளானவர்களுக்கும், உடல் தோற்றத்தைப் பற்றிய வேதனையோடு வாழ்பவர்களுக்கும் இந்தப் பயிற்சி மிகக் கடுமையாக இருக்கலாம். எந்தப் பகுதியையும் தாண்டிப் போகலாம், எந்த நேரத்திலும் நிறுத்தலாம் என்று சொல்லாத ஒலிப்பதிவை இவர்கள் பயன்படுத்த வேண்டாம்.

பெயரிட்டுக் குறித்தல்

பர்மாவின் மகாசி சயாதோ (1904–1982) பரப்பிய முறை. வயிறு உயரும்போது "உயர்கிறது", தாழும்போது "தாழ்கிறது". எண்ணம் வந்தால் "எண்ணுகிறது", ஒலி வந்தால் "கேட்கிறது", கால் வலித்தால் "வலிக்கிறது". மனத்துக்குள் மெல்லச் சொல்லிவிட்டு வயிற்றுக்குத் திரும்ப வேண்டும்.

சும்மா இருக்கத் தெரியாத மனத்துக்கு இது ஒரு வேலையைக் கொடுக்கிறது. "எனக்குக் கோபம்" என்பது "கோபம் இருக்கிறது" என்று மாறும்போது கொஞ்சம் இடம் கிடைக்கிறது. பெயருக்குக் கவனத்தில் பத்தில் ஒரு பங்கு, உணர்வுக்கு மிச்சம் ஒன்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது தலைகீழாகப் போனால் வெறும் சொல் உருப்போடுவதாகிவிடும். நாளெல்லாம், வேக வேகமாகக் குறிப்பது இன்னொரு எல்லை. அப்போது உலகம் துண்டு துண்டாக, தன்னோடு ஒட்டாததாகத் தோன்றத் தொடங்கலாம். வீட்டில் தினமும் பதினைந்து இருபது நிமிடத்துக்குள் செய்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

மைத்திரி

"நலமாக இருக்கட்டும், அச்சமின்றி இருக்கட்டும்" போன்ற இரண்டு மூன்று வாக்கியங்களை ஒருவரை நினைத்து மெதுவாகச் சொல்வது. மரபில் தன்னிலிருந்து தொடங்குவார்கள். தன்னையே ஓயாமல் திட்டிக்கொள்பவருக்கு அந்த முதல் படியே சறுக்கும். எரிச்சலோ அழுகையோதான் வரும். அவர்கள் நினைத்ததும் முகம் மலரவைக்கும் ஒரு குழந்தையிடமோ வளர்ப்பு நாயிடமோ தொடங்கி, சில வாரம் கழித்துத் தங்களிடம் வரலாம். தீங்கு செய்தவரை மன்னிப்பதை முதல் மாதத்தில் கையில் எடுக்கவே வேண்டாம். அன்பு பொங்க வேண்டும் என்று நெஞ்சை முறுக்கவும் வேண்டாம். விருப்பத்தைச் சொன்னால் போதும்.

நடை, ஒலி, பாதம்

இவற்றுக்கு உரிய மதிப்பு கிடைப்பதில்லை. உட்கார்ந்து செய்வதுதான் உண்மையான தியானம், நடப்பது இடைவேளை என்று பலர் நினைக்கிறார்கள். உடலால் செய்யும் நான்கு நிலைகளான நடை, நிற்றல், இருத்தல், கிடத்தல் எல்லாவற்றையும், சதியைப் பழகுவது பற்றிய பௌத்த நூலான சதிபட்டான சூத்திரம் சமமாகவே சொல்கிறது. பதற்றம் உள்ளவர்களுக்கும், கடந்தகாலக் காயம் உள்ளவர்களுக்கும், உட்கார்ந்தால் தூங்கிவிடுபவர்களுக்கும் இதையே முதலில் பரிந்துரைப்போம்.

பத்து முதல் பதினைந்து அடி நீளமுள்ள நேர்ப்பாதை போதும். கண் திறந்தே இருக்கட்டும், பார்வை நான்கைந்து அடி முன்னால் தரையில் விழட்டும். குதிகால் தரையை விடுவது, பாதம் காற்றில் நகர்வது, மறுபடி தரையைத் தொடுவது, எடை முழுதும் அந்தக் காலுக்கு மாறுவது. வெறுங்காலோடு நடந்தால் எடை மாறும்போது பெருவிரல் தரையை அழுத்திப் பிடிப்பது தெளிவாகத் தெரியும். முனையில் நில்லுங்கள், நிற்பதை உணருங்கள், திரும்புங்கள். மிக மெதுவாக நடந்தால் உடல் தள்ளாடும். சமநிலை குறைந்த முதியவர்கள் சுவரோரமாக, வழக்கமான வேகத்தில் நடக்கட்டும்.

கண் திறந்திருப்பதும், கவனத்தின் பொருள் நெஞ்சிலிருந்து தொலைவில் பாதத்தில் இருப்பதும், வேண்டாம் என்றால் உடனே நிறுத்திவிட்டுப் போய்விட முடிவதும் இதன் பாதுகாப்பு. ஒலியைக் கவனிப்பதும் அப்படியே: அருகே கேட்பது, தொலைவில் கேட்பது, இரண்டுக்கும் இடையே உள்ள அமைதி. நாற்காலியில் உட்கார்ந்தபடி உள்ளங்காலை உணர்வதுகூட முழுமையான பயிற்சிதான்.

எவ்வளவு: மணிக்கணக்கைப் பாருங்கள்

முறைகளை ஒப்பிடுபவர்கள் அளவை ஒப்பிடுவதில்லை. ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்தால் தேர்வே மாறிவிடும்.

தினமும் 10 நிமிடம் வீதம் ஓர் ஆண்டு செய்தால் ஏறத்தாழ 60 மணி நேரம். 1979இல் ஜான் கபட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் தொடங்கிய, மைண்ட்ஃபுல்னெஸ் வழியே மன அழுத்தத்தைக் குறைக்கும் எட்டு வார எம்பிஎஸ்ஆர் (MBSR) பயிற்சியில் வாரம் ஒரு வகுப்பு இரண்டரை மணி, இடையில் ஒரு முழுநாள், வீட்டில் வாரம் ஆறு நாள் 45 நிமிடம். கூட்டினால் இதுவும் 60 மணியை ஒட்டித்தான் வரும். எஸ்.என். கோயங்கா மரபின் பத்து நாள் விபாசனா முகாமில் காலை 4 மணிக்கு எழுந்து நாளொன்றுக்குச் சுமார் 10 மணி நேரம் அமர்வு. மொத்தம் 100 மணி. அதாவது வீட்டில் ஓர் ஆண்டில் சேரும் அளவு முகாமில் ஆறே நாளில் சேர்ந்துவிடுகிறது. பேச்சும் இல்லை, கைபேசியும் இல்லை, கவனத்தைத் திருப்ப வேறெதுவும் இல்லை. முதல் மூன்று நாள் மூச்சு, நான்காம் நாள் முதல் உடல் உணர்வுகள், அதன் பின் நாளுக்கு மூன்று முறை ஒரு மணி நேரம் அசையாமல் அமர்தல்.

பலருக்கு இது வாழ்வில் மறக்க முடியாத நன்மையைத் தந்திருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இதுவரை பத்து நிமிடம்கூட உட்கார்ந்து பார்க்காதவர் நேராக அங்கே போவது, ஓடியே பழகாதவர் மாரத்தானில் இறங்குவதைப் போன்றது. குறைந்தது மூன்று மாதம் தினசரிப் பழக்கம், பிறகு ஒருநாள் முகாம், அதன் பின் இரண்டு மூன்று நாள் முகாம் என்று ஏறுவதே எங்கள் பரிந்துரை.

எட்டு வார முறையின் சிறப்பு அதன் இடைவெளிதான். ஏழு நாள் வீட்டில், வேலையில், உறவுகளுக்கு நடுவே செய்து பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று ஆசிரியரிடம் வந்து சொல்லலாம். கோளாறு தலைதூக்கும்போதே பிடித்துவிடலாம். இதன் வழித்தோன்றலான எம்பிசிடி (MBCT), அதாவது மைண்ட்ஃபுல்னெஸையும் சிந்தனைமுறைச் சிகிச்சையையும் இணைத்த முறை, மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருபவர்களுக்காகவே உருவாக்கப்பட்டது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை மனச்சோர்வு வந்து, இப்போது தேறியிருப்பவர்களுக்கு அது மறுபடி வராமல் தடுப்பதில் இதற்கு நல்ல சான்று இருக்கிறது. மனச்சோர்வின் நடு ஆழத்தில் இருக்கும்போது செய்ய வேண்டியது இது இல்லை. அப்போது சிகிச்சைதான் முதலில்.

செயலிகள் தொடங்குவதற்கு நல்லவை, தொடர்வதற்குப் போதாதவை. உங்கள் முகம் வெளிறுவதை ஒலிப்பதிவு பார்க்காது. தொடர்ந்து இத்தனை நாள் என்று எண்ணிக்காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். உடம்பு முடியாத நாளிலும் உட்காரச் சொல்லி அது உந்தும்.

பயனும் பாதிப்பும்

2014இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வந்த, 47 சோதனைகளைத் தொகுத்த ஆய்வு, பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் மிதமான பயன் இருப்பதாகக் கண்டது. மிதமான என்பதை அடிக்கோடிட வேண்டும். 2020இல் 83 ஆய்வுகளைத் தொகுத்த இன்னொரு மதிப்பீடு, தியானத்தோடு தொடர்புள்ள பாதகமான அனுபவங்கள் சுமார் 8 சதவீதம் பேருக்கு நேர்ந்ததாகக் கணக்கிட்டது; அதிகம் பதிவானவை பதற்றமும் மனச்சோர்வும். எதைத் தீர்க்க உட்காருகிறோமோ அதுவே கூடவும் வாய்ப்பிருக்கிறது என்பதுதான் இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் தெரிவது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஜாரெட் லிண்டால், வில்லோபி பிரிட்டன் ஆகியோரின் குழு 2017இல் வெளியிட்ட நேர்காணல் ஆய்வில் சிரமங்களைச் சந்தித்தவர்களில் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களும், ஆசிரியர்களாகவே இருந்தவர்களும் உண்டு. அனுபவம் மட்டும் கவசமாகிவிடாது.

எது சாதாரணம், எது நிறுத்த வேண்டியது? கால் மரத்துப்போவது, அலுப்பு, தூக்கம், திடீரென்று சில சொட்டுக் கண்ணீர், பழைய நினைவு வந்து போவது எல்லாம் சாதாரணம். கால் மரப்புக்கு இருக்கையை உயர்த்துங்கள். முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருந்தால் பெரும்பாலும் சரியாகும், நாற்காலியிலும் குறை எதுவும் இல்லை. புருவ நடுவில் அழுத்தம் வந்தால் கவனத்தை அளவுக்கு மீறி முறுக்குகிறீர்கள் என்று பொருள், பாதத்துக்கு இறக்குங்கள். வீணையின் நரம்பு மிக இறுகினாலும் தளர்ந்தாலும் இசைக்காது என்று, பாதத்தில் ரத்தம் கசிய நடந்து பயின்ற சோணர் என்ற துறவிக்குப் புத்தர் சொன்னது இந்த முறுக்கத்தைப் பற்றித்தான்.

பயிற்சி முடிந்து ஒரு மணி நேரம் ஆன பின்னும் உலகம் கண்ணாடிக்கு அப்பால் இருப்பதுபோல், கைகள் தன்னுடையவை இல்லாததுபோல் தோன்றினால், இரண்டு மூன்று இரவுகள் தூக்கமே இல்லாமல் உற்சாகம் பொங்கினால், பயங்கர நினைவுகள் பகலிலும் துரத்தினால், அன்புக்குரியவர்களிடம் எந்த உணர்வும் வராமல் போனால், பயிற்சியை நிறுத்துங்கள். இன்னும் கூடுதலாக உட்கார்ந்து கடந்துவிடலாம் என்று நினைப்பதுதான் மிக ஆபத்தான தவறு. கண்ணைத் திறந்து அறையில் உள்ள ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லுங்கள், குளிர்ந்த நீரில் கை நனையுங்கள், வயிறு நிறையச் சாப்பிடுங்கள், பாத்திரம் கழுவுவது போன்ற கைவேலை செய்யுங்கள், நெருங்கியவரோடு பேசுங்கள். குரல்கள் கேட்டாலோ, உயிரை விடும் எண்ணம் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

இருமுனைக் கோளாறோ மனச்சிதைவோ முன்பு வந்தவர்கள், அண்மையில் பேரிழப்பைச் சந்தித்தவர்கள், மதுவை இப்போதுதான் நிறுத்தியவர்கள் நீண்ட முகாம்களைத் தவிர்த்து, தங்கள் மருத்துவருக்குத் தெரிந்தபடி சிறிய அளவில் செய்யலாம். தியானத்தை நம்பி மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது.

ஆசிரியரிடம் கேட்க வேண்டியவை

சேரும் முன் என் உடல்நலம், மனநல வரலாறு கேட்பீர்களா? தினமும் தனியாகப் பேச ஒருவர் இருப்பாரா? நடுவில் கிளம்ப விரும்பினால் விடுவீர்களா? யாருக்காவது முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு, உண்மையில் நடந்த ஒரு சம்பவத்தை விவரிப்பவரை நம்பலாம். "இங்கே யாருக்கும் அப்படி ஆனதில்லை", "வருவதெல்லாம் மனச் சுத்திகரிப்புதான், தாங்கிக்கொள்ளுங்கள்" என்ற விடை வந்தால் வேறு இடம் பாருங்கள்.

முதல் நான்கு வாரம்

முதல் வாரம் நடை மட்டும், தினமும் 5 நிமிடம். இரண்டாம் வாரம் நடை 5, நாற்காலியில் கண்ணைப் பாதி திறந்து உள்ளங்காலையோ ஒலியையோ கவனிப்பது 5. மூன்றாம் வாரம் அந்த ஐந்து நிமிடத்தில் வயிற்று மூச்சைச் சேர்த்துப் பாருங்கள். நெஞ்சு இறுகினால் பாதத்துக்குத் திரும்பிவிடுங்கள். நான்காம் வாரம், ஒத்துவந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு 10 முதல் 12 நிமிடம். தினம் முறை மாற்றினால் எது பொருந்துகிறது என்றே தெரியாமல் போகும்.

ஒவ்வொரு நாளும் முடிந்ததும் மூன்று குறிப்புகள் எழுதிவையுங்கள்: நேற்றிரவு எத்தனை மணி நேரம் தூங்கினேன், இன்று எத்தனை முறை எரிந்து விழுந்தேன், பயிற்சி முடிந்தபோது உடல் எப்படி இருந்தது. 28ஆம் நாள் அந்தத் தாளைப் பாருங்கள். தூக்கம் குறைந்தும் எரிச்சல் கூடியும் இருந்தால் நேரத்தைப் பாதியாக்கி, நடைக்குத் திரும்புங்கள். பெரிதாக எதுவும் மாறவில்லை என்றால் அதே அளவில் இன்னும் நான்கு வாரம் செய்யலாம். எரிச்சல் குறைந்திருந்தால் எட்டு வார வகுப்பொன்றைத் தேடலாம். சேரும்போது அந்தத் தாளையும் எடுத்துப் போய் ஆசிரியரிடம் காட்டுங்கள்.